வேதப்பகுதியிலிருந்து அன்றாடப் பாடம் எடுப்பது எப்படி? புதிதாக வாசிக்கிறவர்களுக்கு

"உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்." யோபு 8:7. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இந்த வசனம் தெரியாதவர்கள் குறைவு. புதுக்கடை திறப்பு அழைப்பிதழில் வரும், ஆட்டோவின் பின்கண்ணாடியில் வரும், டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து எடுக்கிற வாக்குத்தத்த அட்டையிலும் வரும். சரி, இதைச் சொன்னது யார்? கேட்டுப் பாருங்கள். பலர் கடவுள் என்பார்கள், கொஞ்சம் யோசிக்கிறவர்கள் யோபு என்பார்கள். இரண்டு பேருமே இல்லை. சொன்னவன் பில்தாத், யோபுவைத் தேற்ற வந்த மூன்று நண்பர்களில் ஒருவன். இதைச் சொல்வதற்கு மூன்று வசனம் முன்னால்தான், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான பலனைத்தான் அனுபவித்தார்கள் என்கிற அர்த்தத்தில் பேசியிருக்கிறான். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டு சாம்பலில் உட்கார்ந்திருக்கிற ஒரு தகப்பனிடம்!

புத்தகத்தின் கடைசிக்குப் போனால், 42:7-ல் தேவன் எலிப்பாசைக் கூப்பிட்டு, உன்மேலும் உன் இரண்டு நண்பர்கள்மேலும் எனக்குக் கோபம், யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்கிறார். அந்த இரண்டு நண்பர்களில் பில்தாத்தும் ஒருவன்.

அப்படியானால் அந்த வசனத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டுமா? நான் அப்படிச் சொல்லவில்லை. யோபுவின் கடைசிக்காலம் முன்னைவிட நன்றாகத்தான் இருந்தது, 42:12 பாருங்கள். ஆனால் பில்தாத் சொன்ன காரணத்தால் அப்படி ஆகவில்லை. அந்தப் பகுதியை முழுசாக வாசித்தால் கிடைக்கிற பாடமே வேறு. 2:13-ல் அந்த நண்பர்கள் ஏழு நாள், ராவும் பகலும், ஒரு வார்த்தை பேசாமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாயைத் திறக்கிறவரைக்கும் நல்ல நண்பர்கள்தான், விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் எல்லாம் கெட்டது. அடுத்த தடவை ஒரு சாவு வீட்டுக்குப் போகும்போது, "கடவுளுக்கு ஏதோ திட்டம் இருக்கு" என்று ஆரம்பிக்காமல், பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, பேசாமல் வாருங்கள். இதுதான் வேதப்பகுதியிலிருந்து அன்றாடப் பாடம் எடுப்பது என்பது. தனியாகப் பிய்த்து எடுத்த வசனம் நமக்குப் பிடித்ததைச் சொன்னது, முழுப் பகுதி நாம் செய்யவேண்டியதைச் சொல்கிறது.

பிரசங்கம் செய்கிறவர்கள் இதை அப்ளிகேஷன் என்பார்கள். பெயர் பெரிசாக இருக்கிறதே தவிர உள்ளே இருப்பது மூன்றே கேள்விகள். இந்தப் பகுதி என்ன சொல்கிறது? முதல்முதலில் இதைக் கேட்டவர்களுக்கு, அவர்கள் இருந்த நிலைமையில், இது என்னவாகப் பட்டிருக்கும்? அப்புறம், அதே விஷயம் என் வாழ்க்கையில் இன்றைக்கு எங்கே வந்து இடிக்கிறது? வரிசை முக்கியம். நம்மில் பெரும்பாலானவர்கள் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து மூன்றாவதில்தான் போய் நிற்கிறோம், பைபிளைத் திறந்ததும் "எனக்கு இன்றைக்கு என்ன?" என்று. ஆசை தப்பில்லை. ஆனால் ஏற்கெனவே மனசில் இருக்கிற பதிலுக்கு ஒரு வசனத்தைத் தேடிப் பிடிக்கிற வேலையாக அது சீக்கிரமே மாறிவிடும்.

இந்தப் பழக்கத்துக்கு அச்சிட்ட பைபிளின் அமைப்பும் ஒரு காரணம். புதிய ஏற்பாட்டில் இருக்கிற தன் கடிதங்களை அப்போஸ்தலனாகிய பவுல் எழுதியபோது அதிகாரம் எண் போடவில்லை, வசன எண்ணும் போடவில்லை. இன்று நாம் பயன்படுத்துகிற அதிகாரப் பிரிவுகளைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்கிற ஆங்கிலேயர் அமைத்ததாகச் சொல்கிறார்கள். அவர் பிறகு கேன்டர்பரி பேராயராக இருந்தவர். புதிய ஏற்பாட்டு வசன எண்கள் 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டவை. ஒரு இடத்தைச் சட்டென்று கண்டுபிடிக்க வசதியான எண்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வசனமும் தனித்தனிச் செய்தி என்கிற ஒரு நினைப்பையும் அவை நம்மிடம் விட்டுப்போயின. சில இடங்களில் அதிகாரப் பிரிவு ஒரு பேச்சை நடுவிலேயே வெட்டிவிடுகிறது. அதற்கு நல்ல உதாரணம் மத்தேயு 20. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் மூன்று கேள்விகளும் எப்படி வேலை செய்கின்றன என்பது இதில் தெளிவாகத் தெரியும்.

திராட்சத்தோட்டத்து வேலையாட்கள்

இயேசு சொன்ன கதை, பலருக்குத் தெரியும். தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் போய் ஒரு நாளைக்கு ஒரு பணம் என்று கூலி பேசி ஆட்களை அழைத்துவருகிறார். ஒரு பணம் என்று பழைய மொழிபெயர்ப்பு சொல்வது தெனாரியம் என்ற ரோமக் காசு, அந்தக் காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். காலை ஒன்பது மணிக்குப் போகிறார், இன்னும் சிலர் நிற்கிறார்கள், அவர்களையும் அனுப்புகிறார். மதியம், மூன்று மணி, கடைசியாகச் சாயங்காலம் ஐந்து மணிக்கும் போகிறார். ஏன் இங்கே பகல் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில்: "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை." பொழுது போனதும் எல்லாருக்கும் ஒரே கூலி. காலையிலிருந்து வெயிலில் காய்ந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள்.

இதை வாசித்ததும் புதிதாக வருகிறவர்கள் இரண்டு பக்கமாகப் போவார்கள். ஒரு சிலர், அப்படியானால் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை என்பார்கள். ஒரு சிலர், இது என்ன அநியாயம், என் ஆபீஸில் இப்படிச் செய்தால் நான் சும்மா இருப்பேனா என்பார்கள். இரண்டாவது ஆட்கள் கதைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறார்கள், ஏனென்றால் அந்தக் கதை நம்மைக் கோபப்படுத்தவேண்டும் என்றுதான் சொல்லப்பட்டிருக்கிறது. கவனித்துப் பாருங்கள், கூலி கொடுக்கும்போது பிந்திவந்தவர்களிலிருந்து தொடங்கச் சொல்கிறார் எஜமான். முந்திவந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் அவர்கள் பேசின காசை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள், யாருக்கு எவ்வளவு என்று தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. வரிசையை வேண்டுமென்றே மாற்றி, அவர்களைப் பார்க்க வைக்கிறார். அவர்கள் புகாரும் கூலி குறைவு என்பது இல்லை. "எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே" என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இப்போது முதலில் கேட்டவர்கள் யார்? 20-ஆம் அதிகாரத்தின் முதல் வரியிலிருந்து வாசித்தால் இது தெரியாது. ஒரு பக்கம் பின்னால் போங்கள். 19:27-ல் சீஷர்களில் ஒருவரான பேதுரு இயேசுவிடம் கேட்கிறார்: நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்? அதற்கு இயேசு பதில் சொல்லிக்கொண்டே வந்து, முந்தினோர் பலர் பிந்தினோராவார்கள் என்று 19:30-ல் சொல்லிவிட்டு, அந்தப் பேச்சிலேயேதான் இந்தக் கதை வருகிறது. அதே வாக்கியம் திருப்பிப் போட்டதுபோல 20:16-ல் மறுபடி வருகிறது. நடுவில் அதிகாரம் பிரிந்துவிட்டதால் கேள்வி ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம் ஆகிவிட்டது. அப்புறம் கொஞ்சம் முன்னால் போனால் இன்னும் வேடிக்கை. கதை முடிந்து நாலு வசனத்துக்குள் சீஷர்களில் இரண்டு பேரின் தாய், செபெதேயுவின் மனைவி, வந்து, என் இரண்டு மகன்களையும் உம்முடைய ராஜ்யத்தில் வலது பக்கம் ஒருவன், இடது பக்கம் ஒருவன் என்று உட்கார வையும் என்கிறார். கேட்ட சீஷர்களுக்கே கதை ஏறவில்லை என்று மத்தேயு நமக்குக் காட்டுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே அந்தக் கதை முதலில் போய் விழுந்தது சோம்பேறிகள்மேல் இல்லை. ரொம்ப நாளாக உண்மையாக உழைத்த, அதனால் தங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரவேண்டும் என்று நினைத்த ஆட்கள்மேல். இப்போது மூன்றாவது கேள்விக்கு வாருங்கள், பாடம் தானாக வரும். முப்பது வருஷமாக ஒரே சபையில் பாடகர் குழுவில் இருக்கிறவருக்கு, போன மாதம் வந்த பையனைக் கீபோர்டில் உட்கார வைத்தால் என்ன தோன்றுகிறது? அண்ணனாக இருந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவருக்கு, ஊரைச் சுற்றிவிட்டு வந்த தம்பிக்கும் அப்பா சமமாகப் பங்கு எழுதினால்? "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா", அதாவது நீ பொறாமைப்படலாமா, என்று எஜமான் கேட்கிற கேள்வி அங்கேதான் வந்து நிற்கிறது.

இன்னொரு பாடமும் அதே கதையில் இருக்கிறது, கூலி கொடுக்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு. நம் ஊர்களில் காலையில் முக்கில் கொத்தனாரும் சித்தாளும் வேலைக்காகக் காத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், பத்து மணிக்குமேல் நிற்கிறவர் முகத்தையும் பார்த்திருப்பீர்கள். ஐந்து மணிவரை நின்றவர்கள் சோம்பேறி என்று கதையில் எங்கேயும் இல்லை, அவர்களை யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அவர்கள் வீட்டிலும் ராத்திரிக்கு ஒரு முழுக் கூலிக்கான பசி இருக்கிறது. லேவியராகமம் 19:13 கூலிக்காரனின் கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது, கதையில் வரும் எஜமானும் அன்று சாயங்காலமே கணக்கை முடிக்கிறார். வீட்டு வேலை செய்கிறவருக்கோ பெயிண்டருக்கோ "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லும் பழக்கம் நமக்கு இருந்தால், இந்தப் பகுதி அதையும் தொடுகிறது.

ஒவ்வொரு சின்ன விவரத்துக்கும் அர்த்தம் தேட வேண்டாம்

உவமையை வாசிக்கும்போது ஒரு ஆபத்து உண்டு. ஒன்பது மணி என்றால் என்ன, ஒரு பணம் என்றால் என்ன, கூலியைக் கொடுத்த காரியக்காரன் யார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மறைபொருள் கண்டுபிடிக்கத் தோன்றும். பெரியவர்களே செய்திருக்கிறார்கள். ரோட்டில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியன் கதையில், சத்திரம் திருச்சபை, சத்திரக்காரன் அப்போஸ்தலனாகிய பவுல் என்று பழைய காலத்துத் திருச்சபைப் போதகர் அகஸ்டின் விளக்கினார். வாசிக்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் லூக்கா 10:37-ல் இயேசு அந்தக் கதையை எப்படி முடிக்கிறார்? "நீயும் போய் அந்தப்படியே செய்." சத்திரம் எது என்று நாம் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் ரோட்டில் கிடப்பவனைத் தாண்டிப் போய்விடுவோம். நான்காம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம், இதே திராட்சத்தோட்டத்து உவமையைப் பற்றிப் பேசும்போது, உவமையில் வருகிற எல்லாவற்றையும் சொல் சொல்லாகத் துருவ வேண்டாம், அது எதற்காகச் சொல்லப்பட்டதோ அதைப் பிடித்துக்கொண்டால் போதும் என்றார். இன்றைக்கும் அதைவிட நல்ல ஆலோசனை எனக்குத் தெரியவில்லை.

எல்லாப் பகுதியும் ஒரே மாதிரிப் பேசாது என்பது அடுத்த விஷயம். கட்டளை இருக்கிறது, கதை இருக்கிறது, பாட்டு இருக்கிறது, பழமொழி இருக்கிறது, கடிதம் இருக்கிறது. கதையைக் கட்டளையாக வாசித்தால் குழப்பம்தான். நியாயாதிபதிகள் 6-ல் கிதியோன் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, தோல்மேல் மட்டும் பனி பெய்யட்டும் என்று கேட்டார், அடுத்த நாள் தோல் காய்ந்திருக்கட்டும், சுற்றிலும் தரை நனையட்டும் என்று கேட்டார். இதை வைத்துக்கொண்டு, "நாளைக்குப் பத்து மணிக்குள் போன் வந்தால் இந்த வரன் கர்த்தருடைய சித்தம்" என்று தோல் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் கிதியோனுக்குச் சொல்லவேண்டியது, இஸ்ரவேலை உன் கையால் காப்பாற்றுவேன் என்பது, ஏற்கெனவே தெளிவாகச் சொல்லியாகிவிட்டது. அவரே 6:36-ல் "நீர் சொன்னபடி" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார். சொன்னதை நம்பப் பயமாக இருந்ததால் தோல் போட்டார். தேவன் அவர் பயத்தோடு பொறுமையாக இருந்தார் என்பது கதையில் இருக்கிறது, நீங்களும் தோல் போடுங்கள் என்பது அதில் இல்லை. அதே புத்தகத்தில் யெப்தா என்கிற தலைவர் அவசரமாக ஒரு பொருத்தனை, அதாவது நேர்ச்சை, செய்து மகளையே இழக்கிறார். புத்தகத்தின் கடைசி வசனம், அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்தான் என்று முடிகிறது. அந்தக் காலத்து ஆட்கள் செய்ததையெல்லாம் முன்மாதிரியாக எடுக்க வேண்டாம் என்று புத்தகமே கையைப் பிடித்துச் சொல்கிறமாதிரி இருக்கிறது.

நீதிமொழிகள் இன்னொரு வகை. 26:4 மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் சொல்லாதே என்கிறது. அடுத்த வசனம், 26:5, பதில் சொல் என்கிறது! தவறி விழுந்த முரண்பாடு என்று நினைக்காதீர்கள், வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். எந்த நேரத்தில் எது என்று பார்த்து நடக்கவேண்டியது நம் வேலை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா போடுகிற பார்வேர்டுக்குப் பதில் எழுதலாமா வேண்டாமா என்று தவித்தவர்களுக்கு இந்த இரண்டு வசனமும் நன்றாகப் புரியும். அதேபோல 22:6, பிள்ளையை நடக்கவேண்டிய வழியிலே நடத்தினால் முதிர்வயதிலும் விடமாட்டான் என்பது. இதைக் கையெழுத்துப் போட்ட உத்தரவாதமாக வாசித்துவிட்டு, வழிமாறிப்போன பிள்ளையின் பெற்றோரைக் குற்றவாளியாக்குவது கொடுமை. அது பொதுவாக உலகம் எப்படி நடக்கிறது என்று சொல்கிற ஞானவாக்கு. எல்லா வீட்டிலும் அப்படியே நடந்துதீரும் என்று அது சொல்லவில்லை.

சங்கீதங்களில் ஒருவர் கடவுளிடம் கத்துவதும் அழுவதும் இருக்கிறது. பாபிலோனின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான் என்கிற 137-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தை வாசித்துவிட்டு அதிர்ச்சியாகப் புத்தகத்தை மூடுகிறவர்கள் உண்டு. பாபிலோனில் சிறைப்பட்டுப் போனவர்களின் கோபம் அது. அப்படிச் செய் என்று அதில் எவருக்கும் கட்டளை இல்லை. மனசில் இருக்கிற விஷத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்மேல் கொட்டாமல் ஜெபத்தில் கொட்டலாம் என்பதை வேண்டுமானால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பழைய ஏற்பாட்டுச் சட்டங்கள்? அங்கே எதுவும் கிடைக்காது என்று தாண்டிவிடுவார்கள், எனக்கோ அங்கேதான் சுவாரசியம். உபாகமம் 22:8-ஐப் பாருங்கள். புதுவீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும். அக்காலத்து இஸ்ரவேலில் மொட்டைமாடியில்தான் பாதி வாழ்க்கை நடந்தது, படுப்பார்கள், பேசுவார்கள், பொருள்களைக் காயப்போடுவார்கள். அதனால் இந்தச் சட்டம். உங்கள் இடத்தில் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து வராமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு என்பது இதன் உள்ளே இருக்கிற விஷயம். மூடாமல் விட்ட ஆழ்துளைக் கிணறு, வாசலில் தொங்குகிற ஒயர், ஹெல்மெட் இல்லாமல் பின்னால் உட்கார வைக்கிற பிள்ளை. ஜெபம், உபவாசம் என்று எதையும் தொடாமல் ஆபத்தான மாடியைப் பற்றிப் பேசுகிற ஒரு வசனத்தை நான் ஏன் இவ்வளவு விரும்புகிறேன் என்றால், பக்தி என்பது கட்டடப் பாதுகாப்பையும் சேர்த்துத்தான் என்று அது முகத்துக்கு நேராகச் சொல்கிறது.

நமக்குப் பிடித்த வாக்குத்தத்தங்கள்

எரேமியா 29:11 இல்லாத வாக்குத்தத்தப் பெட்டி இருக்காது. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." தேர்வு எழுதப் போகிற பிள்ளைக்கு, வேலை தேடுகிறவருக்கு எல்லாம் இதை அனுப்புவோம். இது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோன மக்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதிய கடிதம். முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர், இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடலாம் என்று தீர்க்கதரிசனம் சொல்லியிருந்தார், கூட்டத்துக்கு அது ரொம்பப் பிடித்திருக்கும். எரேமியா கடிதத்தில் எழுபது வருஷம் என்கிறார், 29:10. அதாவது கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் ஊர் திரும்பப் போவதில்லை, அங்கேயே சாகப் போகிறார்கள். அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள். இதெல்லாம் 5 முதல் 7 வரையுள்ள வசனங்களில் இருக்கிறது, நாம் அட்டையில் அச்சடிக்காத வசனங்கள்.

இதை அறிந்த பிறகு அந்த 11-ஆம் வசனத்தின் ஆறுதல் குறைந்துபோகிறதா என்றால், எனக்கு அது கூடுகிறது. விருப்பமில்லாத ஊருக்கு மாற்றலாகிப் போனவர், கடனை அடைப்பதற்காக வளைகுடாவில் வருஷக்கணக்கில் கிடக்கிறவர், சீக்கிரம் முடியாது என்று தெரிந்த ஒரு நோயோடு வாழ்கிறவர், இவர்களிடம் "சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வது அனனியாவின் வேலை. இருக்கிற இடத்தில் ஒரு செடி வையுங்கள், பக்கத்து அறைக்காரரின் நலனையும் சேர்த்துத் தேடுங்கள், நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்போலப் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாழாதீர்கள் என்பது எரேமியாவின் பாடம்.

பிலிப்பியர் 4:13-ம் இப்படித்தான். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று பவுல் எழுதியது காவலில் இருக்கும்போது. முந்தின வசனத்தில் அவர் பட்டியல் போடுகிறார், திருப்தியாயிருக்கவும் தெரியும், பட்டினியாயிருக்கவும் தெரியும் என்று. அந்த "எல்லாவற்றையும்" என்பதில் பட்டினியும் அடக்கம். மாதக் கடைசியில், சம்பளம் வர நாலு நாள் இருக்கும்போது வாசித்துப் பாருங்கள், கிரிக்கெட் மேட்சுக்கு முன்னால் வாசிப்பதைவிட நன்றாகப் பொருந்தும்.

மத்தேயு 18:20, இரண்டு மூன்று பேர் கூடியிருக்கிற இடத்தில் நான் இருக்கிறேன் என்பதை, ஜெபக்கூட்டத்துக்கு ஆள் வராதபோதெல்லாம் சொல்லித் தேற்றிக்கொள்கிறோம். நல்ல ஆறுதல்தான். ஆனால் 15-ஆம் வசனத்திலிருந்து வாசித்தால் பேச்சு சண்டையைப் பற்றியது. சகோதரன் உனக்குத் தப்புச் செய்தால் முதலில் தனியாகப் போய் அவனிடம் பேசு, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால்தான் சபை. நாம் செய்வது நேர் தலைகீழ். முதலில் ஊருக்கெல்லாம் சொல்லுவோம், கடைசியில்தான் சம்பந்தப்பட்டவருக்குத் தெரியவரும். இந்த ஒரு பாடத்தை ஒரு வருஷம் நடைமுறைப்படுத்தினால் பாதிச் சபைச் சண்டைகள் போர்ட்டிகோவிலேயே முடிந்துவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

பாடம் என்று எழுதினால் செய்யக்கூடியதாக எழுதுங்கள்

நோட்டுப்புத்தகத்தில் "நான் அன்பாக இருக்கவேண்டும்", "விசுவாசத்தில் வளரவேண்டும்" என்று எழுதுகிறவர்கள் பலர். எந்தப் பகுதியை வாசித்தாலும் இதை எழுதலாம், அதனால்தான் அதற்குப் பிரயோஜனம் இல்லை. ரூத் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடையில் வயலின் ஓரத்தையும் சிந்தின கதிர்களையும் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம், லேவியராகமம் 19:9-10. ரூத் மோவாப் என்கிற வேற்று நாட்டுப் பெண், விதவை, கதிர் பொறுக்க வருகிறாள். வயலின் சொந்தக்காரர் போவாஸ் சட்டப்படி அவளை விட்டிருந்தால் போதும். அவர் வேலைக்காரர்களைக் கூப்பிட்டு, "அவளை ஈனம்பண்ண வேண்டாம்" என்கிறார், அதோடு கட்டிலிருந்து கொஞ்சத்தை அவளுக்காக வேண்டுமென்றே சிந்திவிடுங்கள் என்கிறார். கொடுத்தது அவளுக்கே தெரியாதபடி, அவள் உழைத்துச் சம்பாதித்ததுபோலவே அவள் கைக்குப் போய்ச் சேர்கிறது.

இங்கே "ஏழைகளுக்கு உதவ வேண்டும்" என்று எழுதி நிறுத்தினால் போவாஸை விட்டுவிட்டோம். வீட்டில் வேலை செய்கிற அக்காவின் மகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டுகிறேன், அதை அடுத்த வீட்டில் சொல்லமாட்டேன், அந்தப் பிள்ளையின் முன்னாலும் ஞாபகப்படுத்தமாட்டேன் என்று எழுதினால் அது பாடம். இந்த வாரம், இந்த ஆளிடம், இந்த வேலை. நடந்ததா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கே தெரியும்.

வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைக்கிற வசனம்தான் இன்றைய செய்தி என்கிற முறையைப் பற்றியும் கேட்பார்கள். அகஸ்டினுக்கு 386-ல் மிலானில் ஒரு தோட்டத்தில் அப்படித்தானே நடந்தது, திறந்த இடம் ரோமர் 13, வாழ்க்கையே மாறிற்றே என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர் அதற்கு முன்பே பவுலின் கடிதங்களை ஆசையோடு வாசித்துக்கொண்டிருந்தவர், அன்றைக்கு அவர் கையில் எடுத்ததும் அதே கடிதங்கள்தான். எங்கே திறந்தாலும் புரிகிற அளவுக்கு வாசித்திருந்தால் நீங்களும் திறக்கலாம்.

எங்கே தொடங்குவது? மாற்கு சுவிசேஷம் பதினாறு அதிகாரம்தான், வேகமாக ஓடும், நாளுக்கு ஒன்றாக முடித்துவிடலாம். அப்புறம் ரூத், நாலே அதிகாரம். அதற்குப் பிறகு புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் கடிதம், அது நேராக நாக்கையும் பணத்தையும் பிடிக்கும். பழைய மொழிபெயர்ப்பில் ஒரு வரி புரியாவிட்டால் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்த திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 1995-ல் வந்தது, இன்றைய தமிழ். விளக்க நூல்களைக் கடைசியில் திறங்கள், நீங்களே மூன்று கேள்வியையும் கேட்டு முடித்தபிறகு. சிலநாள் ஒரு பாடமும் வராது. முதலாம் நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரம் பெயர்ப்பட்டியல், அதில் தினமும் ஒரு பாடம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இல்லாததைக் கற்பனை செய்ய ஆரம்பித்துவிடுவோம். 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே தொடங்கி இருட்டிலேயே முடிகிறது, ஆறுதல் வரி கடைசிவரை வருவதில்லை. அந்த நாளில் அந்தச் சங்கீதத்தை அப்படியே வாசித்துவிட்டு, அப்படி இருக்கிற யாராவது தெரிந்தவர் உண்டா என்று யோசித்து ஒரு போன் போடுங்கள். வெளிப்படுத்தின விசேஷத்தை மட்டும் இப்போதைக்குத் தொடாமல் வையுங்கள். தானியேலையும் எசேக்கியேலையும் ஒருமுறையாவது வாசித்து முடித்தபிறகு அதற்கு வரலாம்.